சோப்புக் குமிழியும் ஐந்து விநாடியும்

அனைவருக்கும் வணக்கம். ஆட்டிசத்தை, அதாவது பிறரோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறுபட்டு அமையும் வளர்ச்சி நிலையை, சிறு வயதிலேயே கண்டுகொள்வது பற்றி இன்று பேசுகிறேன்.

ஒன்றரை வயதாகியும் பிள்ளை பேசவில்லையே என்று ஒரு தாய் கவலைப்பட்டால், வீட்டில் முதலில் வரும் பதில் என்ன? "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்." சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனையோ குழந்தைகளுக்கு முழுதாக ஓர் ஆண்டு கைநழுவிப் போகிறது.

பேச்சு வந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு முன்னால் வரவேண்டியவை இருக்கின்றன. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? ஒன்றரை வயதில், வானத்தில் போகும் விமானத்தை விரலால் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரி மேல் வைத்தால், அது வேண்டியதை வாங்கிக்கொள்ளும் வழி. விமானத்தைக் காட்டுவதோ, தன் மகிழ்ச்சியை உங்களோடு பங்கிட்டுக்கொள்வது. இந்தப் பங்கிடுதல் தாமதமாவதுதான் ஆட்டிசத்தின் முக்கியமான தொடக்க அடையாளம். சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோனால், எந்த வயதானாலும் சரி, காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அடையாளம் தெரிகிறதா என்று பார்க்க, பெற்றோர் நிரப்பும் எம்-சாட்-ஆர் என்ற 20 கேள்விப் பட்டியல் உண்டு. மதிப்பெண் 2 வரை என்றால் ஆட்டிசம் இருக்கும் வாய்ப்பு குறைவு. அப்போது குழந்தைக்கு இரண்டு வயது ஆகியிருக்காவிட்டால், ஆன பிறகு மறுபடி நிரப்ப வேண்டும். 3 முதல் 7 வரை என்றால் தொடர் கேள்விகள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக முழு மதிப்பீடு. இது சல்லடைதான், நோயறிதல் அல்ல. பெரும்பாலும் இங்கே ஒரு தவறு நடக்கிறது: "எப்போதாவது செய்வான்" என்று நினைத்துப் பாசத்தில் 'ஆம்' என்று போட்டுவிடுகிறோம். ஓரிரு முறை பார்த்திருந்தாலும் வழக்கமாகச் செய்யாவிட்டால் 'இல்லை' என்றுதான் எழுத வேண்டும். படிவமே அப்படித்தான் சொல்கிறது.

கூடவே காது கேட்கும் திறனையும் முறையாகச் சோதியுங்கள். "டிவி பாட்டு கேட்டால் ஓடி வருகிறானே" என்பது சோதனை ஆகாது. சில சுருதிகள் கேட்டு, மற்றவை கேட்காமலும் இருக்கலாம்.

முழு மதிப்பீட்டுக்குப் பல இடங்களில் மாதக்கணக்கில் வரிசை. அறிக்கை கையில் வந்த பிறகுதான் ஆரம்பநிலை இடையீடு, அதாவது சிறு வயதிலேயே தொடங்கும் பயிற்சி, என்று இருந்துவிடாதீர்கள். குழந்தையோடு தொடர்புகொள்ளக் கற்றுக்கொள்வதற்கு அறிக்கை தேவையில்லை. நாளை முடிவு வேறாக வந்தாலும் அந்தப் பயிற்சி வீண்போகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வயதுக் குழந்தை ஒரு நாளில் ஏறக்குறைய 11 மணி நேரம் விழித்திருக்கிறது. வாரத்துக்கு 77 மணி. தெரபி மையத்தில் 2 மணி என்றால், மீதி 75 மணி உங்களோடு. அதனால்தான், கதவைச் சாத்திவிட்டுப் பெற்றோரை வெளியே உட்காரவைக்கும் மையத்தைவிட, உள்ளே அழைத்துக் கற்றுத்தரும் மையமே மேல் என்று உறுதியாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்காக வகுத்திருக்கும் பயிற்சியே 9 குழு வகுப்புகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும்தான்; பாடம் முழுக்கப் பராமரிப்பவருக்கு.

உள்ளே என்ன கற்றுத்தருவார்கள்? ஒரு சோப்புக் குமிழிக் குப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் முகத்துக்கு நேர் எதிரே, தரையில் உட்காருங்கள். இரண்டு மூன்று முறை ஊதுங்கள். பிறகு மூடியை இறுக்கி, குப்பியை உங்கள் முகத்தருகே பிடித்துக்கொண்டு பேசாமல் இருங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். குழந்தை ஒரு பார்வை பார்க்கலாம், கை நீட்டலாம், "ம்" என்று முனகலாம். "இன்னும் ஊது" என்று குழந்தை கேட்கும் விதம் அதுதான். உடனே "ஊது!" என்று ஒரே சொல் சொல்லி ஊதுங்கள். நம் பார்வைக்கு, நம் முனகலுக்கு ஓர் ஆள் பதில் சொல்கிறார் என்பதைக் குழந்தை அந்த நொடியில் கண்டுகொள்கிறது.

இது கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. "ஊதுன்னு சொல்லு, சொன்னாத்தான்" என்று பிடித்துவைத்தால் குழந்தை அழும்; விளையாட்டு தண்டனையாகிவிடும். ஐந்து விநாடியில் எதுவும் வராவிட்டால் நீங்களே ஊதிவிடுங்கள், அடுத்த முறை பார்க்கலாம். "இது என்ன, என்ன கலர்" என்று பரீட்சை வைப்பது இன்னொன்று. முகத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லித் தாடையைப் பிடிப்பது மூன்றாவது. அதை விட்டே விடுங்கள். ஒரு நாளில் ஐந்து நிமிடமாகப் பல முறை, குளிக்கும்போது, சட்டை போடும்போது, ஊஞ்சல் ஆட்டும்போது செய்தால் போதும். தனியாகப் பாய் விரித்து 'தெரபி நேரம்' ஒதுக்கத் தேவையில்லை.

வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்கக் குழந்தையைப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வராமல் போகாது, படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை. கேட்க ஒரு வழி கிடைத்த குழந்தைக்கு அழுது புரளும் தேவையும் குறைகிறது.

ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறேன் என்று சொல்பவர்களிடம் மிகுந்த கவனம் வேண்டும். உலோகத்தை உடம்பிலிருந்து நீக்குவதாகச் சொல்லும் கீலேஷன் சிகிச்சையில் 2005ல் ஒரு குழந்தை இறந்தது. தடுப்பூசியால் ஆட்டிசம் என்று கிளப்பிவிட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010ல் திரும்பப் பெற்றது. தாய் பாசம் காட்டாததால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள்; அது முழுப் பிழை. இன்றும் அதே சொல்லை வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தூங்க ஒரு மணி நேரம் ஏற்பாடு செய்வதும் குழந்தைக்கான சேவைதான்.

ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்து, அடுத்த பிள்ளை பிறந்தால், அதற்கும் ஆட்டிசம் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஆகவே அந்தக் குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனதிலிருந்தே அதன் வளர்ச்சியையும் மருத்துவரிடம் காட்டி வாருங்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும் முன் போனில் இரண்டிரண்டு நிமிடமாக மூன்று வீடியோ எடுத்துவையுங்கள்: தனியாக விளையாடுவது, சாப்பிடுவது, பின்னாலிருந்து ஒரே ஒரு முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவது. டிவி ஓடக் கூடாது. "இங்க பாரு, இங்க பாரு" என்று நீங்கள் குரல் கொடுக்கவும் கூடாது. புது அறையில் மிரண்டு அழும் குழந்தையிடம் மருத்துவருக்குத் தெரியாத பலவும் அந்த ஆறு நிமிடத்தில் தெரிந்துவிடும்.