டேப் வரட்டும், முதலில் நூலகப் பூட்டைத் திறங்கள்
(தேசிய நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த வணிகர் சங்கப் பெரியவர்களே, பக்கத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களே, முன்வரிசைக் கண்மணிகளே, எல்லோருக்கும் வணக்கம். காலையிலிருந்து உட்காராமல் வேலை பார்த்த தலைவருக்குத் தனியாக இன்னொரு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவும் கணினி விளையாட்டும் பிள்ளைகளின் வாசிப்புக்கு எப்படி உதவும் என்று பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்: விளையாட்டு எப்படிச் சொல்லித்தருகிறது, பிள்ளை வாசிப்பதைக் கருவி எப்படிக் கேட்கிறது, அந்தக் குரல் பதிவு யாரிடம் போய்ச் சேர்கிறது.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அந்தப் பழக்கத்துக்குத் தலைக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? ஒருவனுக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பும். இன்னொருத்திக்கு ல, ள, ழ. பின்லாந்தில் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தில் பிறந்த கிராஃபோகேம் விளையாட்டில் ஓர் ஒலி கேட்கும், திரையில் எழுத்துகள் வரும், பிள்ளை சரியானதைத் தொடவேண்டும். எதில் தடுமாறுகிறதோ அதுவே மறுபடி மறுபடி வரும். கூகுளின் ரீட் அலாங் செயலி, பிள்ளை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டு, திக்குகிற சொல்லை உச்சரித்துக் காட்டும். தமிழிலும் இருக்கிறது.

இப்போது ஆப்பிரிக்காவில் இருக்கும் தான்சானியாவுக்கு வாருங்கள். அங்கே டாங்கா பகுதியில் சுமார் 170 கிராமங்கள், ஏறத்தாழ 3,000 பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தங்கள் சுவாஹிலி மொழியில் ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியாதவர்கள். பிள்ளைகள் தாங்களாகவே எழுதப் படிக்கக் கற்கும் மென்பொருளை யார் நன்றாகச் செய்கிறார்கள் என்று பார்க்கும் குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ் என்ற போட்டிக்காக, அந்த மென்பொருளைப் போட்டு ஆளுக்கொரு டேப், அதாவது கைக்கணினி, கொடுத்தார்கள். வகுப்பு இல்லை, வாத்தியார் இல்லை. 15 மாதம் கழித்துப் பார்த்தால், ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாதவர்கள் பாதியாகக் குறைந்திருந்தார்கள்! 2019-இல் கிட்கிட் ஸ்கூல், ஒன்பில்லியன் என்ற இரண்டு குழுக்கள் 1 கோடி டாலர் பரிசைப் பங்கிட்டுக்கொண்டன.

கைதட்டுங்கள், தட்டவேண்டிய விஷயம்தான். ஆனால் பரிசு வாங்காத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். டேப் இருந்தால் சார்ஜ் வேண்டுமே? ஊரில் சூரிய மின்சாரத்தில் சார்ஜ் போடும் இடம் அமைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள அந்த ஊர் அம்மா ஒருவரையே பொறுப்பாக்கினார்கள். நம் ஊர்ச் சத்துணவு அக்கா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தாய்மார்களே, உலகமே பேசிய அந்தச் சோதனையில், ஊருக்குள் ஓர் இடமும் ஒரு பொறுப்பான ஆளும் தேவைப்பட்டது. அந்த அம்மாவுக்கும் சேர்த்துக் கைதட்டுங்கள்!

அந்த இடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். எத்தனை ஊரில் அது மாலையில் திறந்திருக்கிறது? நான் போகிற ஊரிலெல்லாம் முதலில் அந்தக் கதவைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் பூட்டுத்தான் தொங்குகிறது. அப்பாவின் போன் இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும். அதற்குள் பிள்ளை தூங்கிவிடும். பிறகு எந்தச் செயலி யாருக்குச் சொல்லித்தரும்? செந்தமிழும் நாப்பழக்கம் என்றால், நாவைப் பழக்க ஓர் இடம் வேண்டாமா?

குரல் பதிவு பற்றி விரிவாகப் பேச நேரமில்லை, தலைவர் மணி பார்க்கிறார். பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் குரலையும் பதியவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தலைவர் அவர்களே, ஜனவரி 26 கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். தினமும் மாலை ஐந்து முதல் ஏழு வரை நூலகம் திறந்திருக்கவேண்டும், ஊர்ப் பெண் ஒருவருக்குச் சம்பளத்தோடு அந்தப் பொறுப்பு, நான்கு டேப், ஒரு சார்ஜ் பலகை. மேடையிலேயே உங்கள் கையில் தருகிறேன். முதல் கையெழுத்து என்னுடையது, அடுத்தது தலைமையாசிரியை அவர்களுடையது. தாய்மார்கள் போகும்போது வாசல் மேசையில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.