ஒரு வருஷ வேலைக்கு ஒரு 192 பக்க நோட்டு

வணக்கம்ங்க. வருஷம் பூரா வேலை நெருக்கினாலும் எதுவும் விட்டுப் போகாம ஒரு நோட்டுலயே எப்படிப் பிடிச்சு வைக்கிறதுன்னு இன்னைக்குப் பாக்கலாம். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறையை வச்சுச் சொல்றேன். தறி, லேத், மளிகைன்னு உங்க தொழிலுக்கு மாத்திக்கோங்க.

நீளமான 192 பக்க நோட்டு, கோடு போட்டது, நடுவுல தச்சது வாங்குங்க. ஸ்பைரல் வேண்டாம், வண்டிப் பெட்டிக்குள்ள கம்பி நெளிஞ்சு பக்கம் பிஞ்சிடும். பால் பாயிண்ட் பேனாவே போதும். ஜெல் பேனா எழுத்து ஈரக் கை பட்டா கலைஞ்சிடும். ஏற்காட்டுல இருக்கிறவங்க மழைக்காலத்துல நோட்டை ஜிப் கவர்ல வைங்க, தாள் நமுத்துப் போகும்.

முதல்ல எல்லாப் பக்கத்துக்கும் நம்பர். 4 பக்கம் பொருளடக்கம், 24 பக்கம் மாசத்துக்கு ரெண்டு, 106 பக்கம் வாரத்துக்கு ரெண்டு. 104 தானேன்னு கேப்பீங்க. வருஷத் தொடக்கமும் முடிவும் வாரத்தோட நடுவுல வர்றதால 53 வாரத்துக்கு இடம் வேணும். மிச்சம் 58 பக்கம் பார்ட்டி விவரம், மெஷின் சர்வீஸ், டிசைன் குறிப்புக்கு.

ஏப்ரல் 1ல ஆரம்பிங்க. கணக்கு வருஷமும் அதுதான். ஜனவரின்னா பொங்கல், தை முகூர்த்த ஆர்டர் கழுத்தைப் பிடிக்கும், புது நோட்டுல உக்காரவே முடியாது.

மாசப் பக்கத்துல கெடு தேதி எழுதறப்பதான் நிறைய பேர் சறுக்குறாங்க. மாசாமாசம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுறவங்களுக்கு விற்பனை விவரம் காட்டுற ஜிஎஸ்டிஆர் 1க்கு 11, ஆளுங்களோட பிஎஃப் கட்டறதுக்கு 15, வரி கட்டுற ஜிஎஸ்டிஆர் 3பிக்கு 20. 3பியை 20க்கு நேரா மட்டும் எழுதினா அன்னைக்குத்தான் கண்ணுல படும். 14க்கு நேரா 'ஆடிட்டருக்கு கொள்முதல் பில் அனுப்பணும்'னு எழுதுங்க. உங்க கையில இருக்கிற வேலை அதுதானே. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நாளையும் இப்பவே குறிச்சிடுங்க. அந்த வாரம் ஆள் குறையும், டெலிவரி தேதியை அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ தள்ளிச் சொல்லணும்.

இப்ப வாரப் பக்கம். இதுதான் உயிர். இடது பக்கம் நீங்க செய்ய வேண்டியது, வலது பக்கம் அடுத்தவங்க கையில நிக்கிறது. பட்டறை வேலை உருக்குறது, கம்பி இழுக்குறது, பத்தவைக்கிறது, பாலிஷ்னு கை மாறிக்கிட்டே இருக்கும். மறந்து போறது பெரும்பாலும் நம்ம வேலை இல்லைங்க, கொடுத்துட்டு வந்த வேலைதான். இங்க பாருங்க, ஒரு வரி: 'பாலிஷ், 40 ஜோடி, 14ம் தேதி கொடுத்தது, 17ம் தேதி வரணும்.' முன்னாடி சின்னதா ஒரு வட்டம். சரக்கு வந்தா வட்டத்துக்குள்ள டிக். 17 தாண்டி வட்டம் காலியா இருந்தா உடனே போன். எடை, சேதாரம் எல்லாம் இதுல எழுதாதீங்க. அது கணக்கு நோட்டோட வேலை, ரெண்டையும் கலந்தா ரெண்டுமே குழம்பும்.

இடது பக்கத்துல 'மெஷின்'னு ஒத்தை வார்த்தை எழுதிட்டா ரெண்டு நாள்ல அர்த்தம் தெரியாது. 'பாலிஷ் மோட்டார் பெல்ட் அளவு பாத்து வாங்கணும்'னு வினையோட எழுதுங்க.

சனிக்கிழமை சாயங்காலம் 20 நிமிஷம் ஒதுக்குங்க. கூலி பட்டுவாடா முடிஞ்ச கையோட உக்காந்தா நல்லது. முடியாததை அடுத்த வாரத்துக்குக் கையால திரும்ப எழுதணும், பக்கத்துல கோடு போட்டு எண்ணிக்கோங்க. மூணு கோடு விழுந்துட்டா அந்த வேலையை அப்படியே நகர்த்தாதீங்க. ஒண்ணு வேற ஆள்கிட்ட கொடுங்க, இல்ல சின்னதா உடைங்க, இல்ல அடிச்சிடுங்க. இந்த 20 நிமிஷத்தை ரெண்டு வாரம் விட்டா நோட்டு மேல நம்பிக்கை போயிடும், திரும்ப துண்டுச் சீட்டுக்கும் போனுக்கும் போயிடுவீங்க.

மார்ச் கடைசி சனிக்கிழமை, டிக் விழாத வட்டங்களை மட்டும் புது நோட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. பழைய நோட்டை எடைக்குப் போடாதீங்க. எந்தப் பார்ட்டி எந்த மாசம் ஆர்டர் கொடுத்தாங்க, எந்த வேலை எத்தனை நாள் இழுத்துச்சுன்னு அடுத்த தீபாவளிக்கு தேதி சொல்றப்ப அதைத்தான் புரட்டணும்.