"நல்லா புரியுது சார்" என்கிறார்கள், தேர்வில் மட்டும் அதே தப்பு ஏன்?

அடுத்த கேள்வி ஒரு கல்லூரி இயற்பியல் ஆசிரியரிடமிருந்து. முதலாமாண்டு இயக்கவியல் பாடத்தை வீடியோ எடுத்து, சின்னச் சின்னத் துண்டுகளாக இணையத்தில் போட்டிருக்கிறார். மாணவர்கள் பார்க்கிறார்கள், "நல்லா புரியுது சார்" என்கிறார்கள், ஆனால் தேர்வில் பழைய தப்புகளே வருகின்றன, என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

சார், அந்த "நல்லா புரியுது"தான் சிக்கலே. டெரிக் முல்லர் சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். நியூட்டன் விதிகளைத் தெளிவாக விளக்கிய வீடியோவைப் பார்த்தவர்கள் நன்றாகப் புரிந்தது என்றார்கள், ஆனால் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. தவறான எண்ணத்தை முதலில் பேசவிட்டு அப்புறம் அதை உடைக்கிற வீடியோவைப் பார்த்தவர்களோ குழப்பமாக இருந்தது என்றார்கள், ஆனால் கூடுதலாகக் கற்றது அவர்கள்தான்.

அதனால் விளக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள், கேள்வியில் ஆரம்பியுங்கள். பந்தை நேராக மேலே எறிகிறோம், உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, அங்கே முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், எவ்வளவு? நிறையப் பேர் பூஜ்யம் என்பார்கள். பதில் சொன்னால்தான் வீடியோவின் அடுத்த பகுதி திறக்க வேண்டும். தேர்ந்தெடுக்க நீங்கள் தரும் விடைகளில் ஒன்று "கை கொடுத்த விசை அங்கே தீர்ந்துவிடுகிறது" என்று அவர்கள் பேசுகிற மாதிரியே இருக்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டவரிடம் "தப்பு" என்று மட்டும் காட்டி விட்டுவிடாதீர்கள், முடுக்கம் பூஜ்யமானால் வேகம் மாறாது, அப்படியானால் பந்து உச்சியிலேயே தொங்கிக்கொண்டு நிற்க வேண்டுமே, ஏன் கீழே வருகிறது என்று திருப்பிக் கேளுங்கள். இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது.

அப்புறம் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) உருவகங்கள், அதாவது சோதனைகளைக் கணினித் திரையிலேயே செய்து பார்க்கிற சிமுலேஷன்கள், இருக்கின்றன, நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது, இலவசம். எறிபொருள் இயக்க உருவகத்தில் காற்றுத் தடையை நிறுத்திவிட்டுச் செங்குத்தாகச் சுடச் சொல்லுங்கள், உச்சியில் திசைவேக அம்பு மறைந்துவிடும், முடுக்க அம்பு அப்படியே கீழ்நோக்கி நிற்கும், அதை அவர்களே கண்ணால் பார்க்கட்டும். கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும், விடுதி மாணவர்களுக்கு அது பெரிய உதவி.

வகுப்புக்கு முந்தைய இரவே அவர்களின் பதில்களைப் பார்த்துவிடுங்கள், எங்கே இடறினார்களோ அங்கிருந்து மறுநாள் பாடத்தைத் தொடங்கலாம்.

எல்லாப் பாடத்தையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம் சார், இந்த முடுக்கத்தை மட்டும் எடுங்கள். பழைய விடைத்தாள் கட்டு இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், உங்களுக்கு வேண்டிய தவறான விடைகளெல்லாம் அதிலேயே கிடைக்கும்.