அப்பாவோடு ஹாரிஸ்மித் வரை, அதற்கு மேலும்

எல்லோருக்கும் வணக்கம், புத்தாண்டு வாழ்த்துகள். தமிழ்நாட்டில் இப்போது கத்திரி வெயிலுக்குப் பயந்து மோர்ப்பானை எடுத்து வைத்திருப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கோ சித்திரையில்தான் இலை உதிர்கிறது. டர்பனில் உட்கார்ந்து இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஏனென்றால் இங்கே மாவும் வாழையும் வருஷம் முழுக்கப் பச்சைதான். இலையுதிர் காலம் பார்க்க வேண்டுமானால் மலைப்பக்கம் போக வேண்டும். போகும்போது வீட்டில் இருக்கும் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள் என்பதற்காகத்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

என் அப்பாவுக்கு எண்பது வயது ஆகிவிட்டது. 1960களின் கடைசியில் வாழைத்தார் லாரி ஓட்டியவர். நேட்டால் மாகாணத்தின் தென்கடற்கரைத் தோட்டங்களில் தார் ஏற்றி ஜோகன்னஸ்பர்க் சந்தையில் இறக்க வேண்டும். நியூகாசில், ஃபோக்ஸ்ரஸ்ட் வழியாகப் போனால் நேட்டாலிலிருந்து நேரே டிரான்ஸ்வால் மாகாணம், நடுவில் ஃப்ரீ ஸ்டேட் மாகாணம் வராது. ஆனால் அது சுற்று வழி, தார் பழுத்துவிடும் என்று முதலாளி வான் ரீனன் கணவாய் வழியாகத்தான் அனுப்புவார். கணவாய் ஏறினால் ஹாரிஸ்மித், அது ஃப்ரீ ஸ்டேட். அங்கே இந்தியர் குடியிருக்கக் கூடாது, கடை வைக்கக் கூடாது, விவசாயம் செய்யக் கூடாது என்று 1891-லேயே சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். 1980களின் நடுப்பகுதி வரை அந்தத் தடை நீங்கவில்லை, இங்கே இருக்கும் பாதிப் பேர் அதற்கு முன்பே பிறந்தவர்கள்தானே! மாகாணம் விட்டு மாகாணம் போகவே அனுமதிச் சீட்டு கேட்ட காலம் அது.

அதனால் அப்பா லேடிஸ்மித்திலேயே டீசல் நிரப்பிக்கொள்வாராம். மடியில் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும், பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் டீ. ஹாரிஸ்மித் விளக்கு தெரிந்ததும் டயர் மட்டும் பஞ்சராகக் கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டு மிதிப்பார். தூக்கம் வந்தாலும் நிறுத்த முடியாது. “ஹாரிஸ்மித் எப்படிப்பா இருக்கும்?” என்று ஒரு நாள் கேட்டேன். “எனக்கென்ன தெரியும், ஒரு நாளும் இறங்கினதில்லையே” என்றார். எத்தனையோ வருஷம் ஓட்டிய சாலை அது!

அதைக் கேட்ட பிறகுதான் போன மே மாதம் கிளம்பினோம். லாரி ஓட்டியவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கார் ஓட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் கஷ்டம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் மேடு ஏறும்வரை இல்லாத பிரேக்கை அவர் கால் மிதித்துக்கொண்டே வந்தது.

ஹோவிக் பக்கம் ஆர்103 சாலையில் மண்டேலா பிடிபட்ட இடம் இருக்கிறது. 1962 ஆகஸ்ட் 5. முந்தின இரவு டர்பனில் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஜி. ஆர். நாயுடு வீட்டு விருந்தில் இருந்துவிட்டு, காரோட்டி வேஷத்தில் ஜோகன்னஸ்பர்க் திரும்பிக்கொண்டிருந்தவரை மறித்துப் பிடித்தார்கள். இப்போது அங்கே 50 இரும்புத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் போனால் வெறும் கம்பிகள், நடைபாதையில் குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்றால் மண்டேலா முகம். எல்லோரும் அந்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, அப்பா யோசித்து யோசித்து ஒன்று கேட்டார்: “டிரைவர் உடுப்பில் இருந்தவரை எப்படிக் கண்டுபிடிச்சான்? எங்களை எவனும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டானே.” யாரோ காட்டிக்கொடுத்திருப்பார்கள் என்றேன். “அதானே” என்றார்.

மிட்லண்ட்ஸ் பகுதியில் ஓக்கும் பிளேன் மரங்களும் மஞ்சளும் துருநிறமுமாக நிற்கும். எல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் நட்டவை, இந்த மண்ணின் மரங்கள் பெரும்பாலும் இப்படி இலை கொட்டுவதில்லை. மலையின் சொந்த இலையுதிர் காலத்தைப் பார்க்க வேண்டுமானால் புல்லைப் பாருங்கள். கோடையில் பச்சையாக இருக்கும் சரிவுகள் மே மாதத்தில் செம்பட்டை நிறமாகிவிடும், காற்றடித்தால் மலையே ஒரு பக்கமாகச் சாயும். ஜூன், ஜூலையில் போனால் அதையும் தீ வைத்துக் கருக்கியிருப்பார்கள். ஜனவரியில் போனால் மதியம் இரண்டு மணிக்கே இடிமழை. ஏப்ரல் தொடக்கத்தில் போகிறவர்களுக்குச் சாலையோரம் காஸ்மோஸ் பூ கிடைக்கும், வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மைல் கணக்கில். மெக்சிகோ பூ அது. பிரிட்டிஷாரோடு நடந்த போயர் யுத்தத்தில் குதிரைகளுக்கு இறக்குமதி செய்த தீவனத்தோடு விதை வந்து விழுந்ததாம். நாங்கள் போனபோது பூவெல்லாம் காய்ந்துவிட்டது.

ஹாரிஸ்மித்தில் இறங்கினோம். பிரமாதமாக ஒன்றுமில்லை. பெட்ரோல் பங்க், கோழிக்கடை, லாரிகள். அப்பா லாரிகளைச் சுற்றி வந்து டயர்களைப் பார்த்தார், ஒரு ஜூலு டிரைவரோடு ஃபனகலோ என்கிற கலப்பு மொழியில் கதையடித்தார், கழிப்பறைக்குப் போய் வந்தார். “சரி, பார்த்தாச்சு, போலாம்” என்றார்.

அங்கிருந்து ஆர்712 சாலையைப் பிடித்தால் புத்தடிட்ஜாபா தாண்டி கோல்டன் கேட் தேசியப் பூங்கா. சாலையில் மாடு குறுக்கே வரும், பள்ளமும் உண்டு, இருட்டிய பிறகு அந்தப் பக்கம் ஓட்டாதீர்கள். பாறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 19 கோடி வருஷத்துக்கு முன் இங்கே பாலைவனம், காற்று குவித்த மணல் இறுகி இந்தப் பாறையானது. இரும்புச்சத்து கலந்திருப்பதால் காவியும் தேன்நிறமும் வருகிறது. பிரான்ட்வாக் என்கிற செங்குத்துப் பாறைக்கு எதிரே சாயங்காலம் ஐந்து மணிக்குக் காரை நிறுத்துங்கள். நான் எவ்வளவு வர்ணித்தாலும் அதற்கு ஈடாகாது.

இரவு கிளேரன்ஸில். டிரான்ஸ்வாலின் பழைய போயர் ஜனாதிபதி குரூகர் சுவிட்சர்லாந்தில் இறந்த ஊரின் பெயரை 1912-ல் இங்கே வைத்தார்கள். குரூகர் நினைவாகப் பெயர் வைத்த ஊரில் நம்மவர் தங்குவதா என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு. விடுதியில் இருந்த சின்னப் பெண்ணிடம் அப்பா முதலில் கேட்டதே, “ராத்திரி தங்கலாமா?” என்பதுதான். அவளுக்குப் புரியவில்லை. “புக் பண்ணியிருக்கீங்களே அங்கிள்” என்றாள். பதிவேட்டில் அப்பா முழுப்பெயரையும், தாத்தா பெயரையும், டர்பன் சாட்ஸ்வொர்த் விலாசத்தையும் கட்டத்தை விட்டு வெளியே போகும்படி எழுதினார். ரசீது கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காலையில் பாப்லர் மரங்களைப் பார்த்துவிட்டு, “மரத்துக்கு என்ன சீக்கு?” என்றார். டர்பன்காரர் வேறெப்படிக் கேட்பார்? சீக்கில்லை அப்பா, பகல் குறைந்து குளிர் வந்தால் பச்சையம் சிதைந்துபோகும், அடியில் முன்பே இருந்த மஞ்சள் தெரியும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியாது.

கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளேரன்ஸ் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இரவில் எலும்பு நடுங்கும், கனத்த கம்பளி ஜெர்சி குறைந்தது ரெண்டு எடுத்துப்போங்கள். பிரஷர் மாத்திரையைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். ஈஸ்டர் வெள்ளிக்கிழமை என்3 நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள், நகராது. ஒரு நாளைக்கு ஆறு இடம் என்று திட்டம் போடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. அந்தப் பெரியவர் ஒரே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார விரும்பினால் உட்காரட்டுமே, என்ன போயிற்று?

திரும்பும்போது அப்பா, “அடுத்த தடவை ஃபோக்ஸ்ரஸ்ட் பக்கம் போலாமா?” என்று கேட்டார். இலை பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. 1913 நவம்பரில் காந்தியோடு நம் சுரங்கத் தொழிலாளர்கள் நேட்டால் எல்லை தாண்டி டிரான்ஸ்வாலுக்கு நடந்தது அந்த வழியாகத்தான். போகலாம் என்று சொல்லியிருக்கிறேன், தேதிதான் குறிக்கவில்லை. விடுதி வாடகை, டோல் செலவெல்லாம் தெரிய வேண்டியவர்கள் டீ நேரத்தில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள். வடை ஆறுகிறது என்று பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள், வணக்கம்.