கடி என்பது பட்டமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘கடி என்ற பெயர் நகைச்சுவைக்குக் கிடைத்த பட்டமா, பழியா?’ என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? அறுவை, ரம்பம், பிளேடு, கடி, எல்லாமே கேட்டவன் வலி தாங்காமல் வைத்த பெயர்கள், ஆகவே பழிதான் என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். நானும்தான் தட்டினேன்.

ஆனால் ஐயா, ரம்பமும் கடியும் ஒன்றா? ரம்பம் போடுகிறவருக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். இழுத்து இழுத்து அறுக்க வேண்டுமே! கடிக்கு ஒரு நொடி போதும். ‘எதையும் பிடிக்க முடியாத கை எது?’ ‘வழுக்கை.’ முடிந்தது. இப்போது பாதிப் பேர் சிரித்தீர்கள், பாதிப் பேர் தலையைத் தடவினீர்கள். பெயர் வைத்த புண்ணியவான் இந்த வேறுபாட்டைத் தெரிந்துதான் வைத்திருக்கிறான்.

அந்த வழுக்கையையே கொஞ்சம் பாருங்கள். சேர்த்துச் சொன்னால் தலை. வழு, கை என்று பிரித்தால் குறையுள்ள கை. இதற்கு அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தில் பெயரே உண்டு: பிரிமொழிச் சிலேடை. பிரிக்காமலே இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. 15ஆம் நூற்றாண்டில் காளமேகம் வைக்கோலையும் யானையையும் ஒரே வெண்பாவில் கட்டினாரே, எப்படி? இரண்டும் ‘போரில்’ சிறக்கும் என்றார். ஒன்றுக்கு வைக்கோற்போர், மற்றொன்றுக்குப் போர்க்களம். இரண்டும் ‘கோட்டை’க்குள் புகும் என்றார். ஒன்று நெல்லைக் கட்டிவைக்கும் வைக்கோல் கோட்டை, மற்றொன்று அரசன் கோட்டை. வெண்பாவில் வந்தால் இலக்கியம், வாசற்படியில் உட்கார்ந்து சொன்னால் பழியா?

தமிழறிஞர் கி.வா.ஜகந்நாதனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வழியில் கார் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளுகிறார்கள். வயதான அவரும் கைகொடுக்க வர, ‘ஐயா, நீங்கள் வேண்டாம்’ என்று தடுத்தார்களாம். ‘ஏன், நான் தள்ளாதவன் என்று நினைத்தீர்களா?’ என்றாராம். இதைக் கடி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வீர்கள்? அதற்காக அவரைப் பழித்துவிட முடியுமா?

இப்போது மூலத்துக்கு வருகிறேன். தொல்காப்பியம், சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரியியல் என்ற பகுதியில், ‘கடி’ என்ற இந்தக் குட்டிச் சொல்லுக்குப் பத்துப் பொருள் சொல்லியிருக்கிறது. அதோடு விடவில்லை, அடுத்த நூற்பாவில் இன்னும் இரண்டு. இன்றைய கடி அங்கிருந்துதான் நேராக வந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. இது பல்லிலிருந்து வந்த கடிதான். ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள், பொருத்தம் தானாக வந்து நிற்கிறது. கூர்மை. அது இல்லாவிட்டால் கடியே இல்லை. விரைவு. யோசித்துச் சொன்ன கடி ஆறிப்போய்விடும். புதுமை. ஒரே கடியை இரண்டாம் முறை சொல்லிப் பாருங்கள், தெரியும். அச்சம் என்று ஒரு பொருள். அது சொல்பவருக்கு இல்லை, அவர் வாயைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தில் தெரியும்! பின்னால் சேர்த்த இரண்டில் ஒன்று ஐயம்: சிரிப்பதா, எழுந்து போவதா? இன்னொன்று கரிப்பு. நாக்கில் உறைக்கிற சுவை.

சிறப்பு என்ற பொருளும் அதே பட்டியலில் இருக்கிறது. எதிரணியினர் ‘பழி’ என்கிறார்களே, அந்தப் பன்னிரண்டில் அது எங்கே இருக்கிறது என்று காட்டட்டும், நான் மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன். திருமணத்துக்கே கடிமணம் என்று பெயர் வைத்த மொழி இது. (மணமானவர்கள் ஏன் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.)

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இத்தனை கடிக்காரர்கள் மேடையில் இருக்கும்போது அதைப் போய் ஏன் ஐயா பார்க்கிறீர்கள்? எங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.