டிக்கெட் வாங்கினால் தீருகிற சந்தேகம் இல்லை இது

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் நேரே வழக்குக்கு வருகிறேன்.

பூமி உருண்டை என்பதில் இந்த மேடையில் யாருக்கும் சண்டை இல்லை. தட்டை என்று நம்புகிறவரைத் தனியார் ராக்கெட்டில் ஏற்றி மேலே கொண்டுபோய்க் காட்டினால் அவர் சந்தேகம் தீருமா என்பதுதான் கேள்வி. தீரும் என்கிறது எதிரணி. தீராது என்கிறோம் நாங்கள்.

எதிரணியின் முதல் பேச்சாளர், "கண்ணால் காண்பதைவிடப் பெரிய சாட்சி உண்டா? காட்டிவிட்டால் வாயடைத்துப் போவார்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். இதே ஆலோசனையை 1870இல் சார்லஸ் லயல் என்ற மாபெரும் நிலவியல் அறிஞர் தம் நண்பருக்குச் சொன்னார். தெளிவாகக் காட்டிவிட்டால் இந்த அறியாத மனிதர்கள் நிறுத்திக்கொள்வார்கள் என்றார். அதைக் கேட்ட நண்பர் பட்ட பாட்டைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

அந்த நண்பர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். இயற்கைத் தேர்வு என்ற கொள்கையை டார்வினைப் போலவே தனியாகக் கண்டறிந்த மேதை. இளமையில் நிலம் அளந்து பிழைத்தவர். அந்த ஆண்டு, பூமி தட்டை என்று நம்பிய ஜான் ஹாம்ப்டன் என்றொருவர் பத்திரிகையில் பந்தயம் அறிவித்தார். நீர்ப்பரப்பு வளைந்திருக்கிறது என்று நிரூபிப்பவருக்கு 500 பவுண்டு. அளவைத் தொழில் தெரிந்த வாலஸுக்கு இது கை வந்த வேலை. லயலைக் கேட்டார். லயல் போகச் சொன்னார். போனார்.

இங்கிலாந்தில் ஓல்டு பெட்ஃபோர்டு கால்வாய். ஆறு மைல் தூரம் கோடு கிழித்ததுபோல் நேராக ஓடுகிற தண்ணீர். ஒரு முனையில் ஒரு பாலம், மறுமுனையில் ஒரு பாலம். தொலைவில் இருக்கும் பாலத்தில் வெள்ளைத் துணி கட்டி அதில் கறுப்புப் பட்டை போட்டார் வாலஸ். நடுவழியில் ஒரு கம்பம் நட்டு அதில் வட்டத் தகடு பொருத்தினார். தகடு, பட்டை, இந்தப் பக்கத்துப் பாலத்தில் வைத்த தொலைநோக்கி மூன்றும் தண்ணீரிலிருந்து ஒரே உயரம். தண்ணீர் தட்டையானால் மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். வளைந்திருந்தால் நடுவில் உள்ள தகடு ஐந்தடி அளவுக்கு மேலே தூக்கித் தெரிய வேண்டும். ஒரு கம்பம், ஒரு துணி, ஒரு தொலைநோக்கி. அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

பார்த்தார்கள். தகடு மேலே நின்றது. வாலஸ் தரப்பில் வந்தவரும் ஹாம்ப்டன் தரப்பில் வந்த கார்ப்பென்டரும் தாங்கள் கண்டதைப் படமாக வரைந்தார்கள். இரண்டு படத்திலும் தகடு மேலேதான் இருந்தது. தம் கையாலேயே அப்படி வரைந்த கார்ப்பென்டர் நிமிர்ந்து, "நாங்கள் ஜெயித்துவிட்டோம், பூமி தட்டைதான்" என்றார்!

அவரை விடுங்கள். பணம் கட்டிய ஹாம்ப்டன் என்ன செய்தார் தெரியுமா? அதே பாலத்தில்தான் இருந்தார். 500 பவுண்டு பந்தயத்துக்கான விடை அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது. "நீங்களே பாருங்கள்" என்றார்கள். ஹாம்ப்டன் பார்க்கவில்லை.

மறுபடியும் சொல்கிறேன், இது உங்கள் மனத்தில் பதிய வேண்டும். ராக்கெட் வேண்டாம். விண்வெளி உடை வேண்டாம். டிக்கெட் வேண்டாம். குனிந்து ஒரு கண்ணை மூடினால் போதும். தம் சொந்தப் பணத்தைப் பணயம் வைத்து அந்தப் பாலம்வரை வந்தவர் குனிய மறுத்துவிட்டார். "எனக்குக் கார்ப்பென்டர்மேல் நம்பிக்கை இருக்கிறது, அவர் பார்த்தால் போதும்" என்றார். எதிரணி நண்பர்களே, ஒரு கண்ணாடிக்குள் பார்க்க மறுத்த மனிதரை நூறு கிலோமீட்டர் மேலே எப்படி ஏற்றப் போகிறீர்கள்? ஏற்றினாலும் ஜன்னல் பக்கம் திரும்புவார் என்று யார் ஜாமீன் கொடுப்பது?

கதை அங்கே முடிந்திருந்தால் வாலஸ் பிழைத்திருப்பார். பந்தயப் பணத்தை வைத்திருந்த பத்திரிகை ஆசிரியர் வால்ஷ், வாலஸே வென்றார் என்று தீர்ப்புச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தார். ஹாம்ப்டன் வாலஸைத் திருடன் என்றார், மோசடிக்காரன் என்றார், வாலஸைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். வாலஸின் மனைவிக்கே ஒரு கடிதம் போட்டார். "உன் கணவன் ஒரு நாள் மண்டை நொறுங்கி வீட்டுக்குத் தூக்கி வரப்பட்டால் காரணம் உனக்குத் தெரியும்" என்ற பொருளில் எழுதினார். ஐயா, தபால்காரர் கொண்டுவந்து கொடுத்ததைப் பிரித்துப் படித்த அந்தப் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். அவதூறு வழக்கில் ஹாம்ப்டன் சிறைக்குப் போனார். வெளியே வந்தார், மறுபடி எழுதினார். பந்தயம் சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதால் அவர் கட்டிய பணமும் அவருக்கே திரும்பியது. பதினைந்து ஆண்டுத் தொல்லை, சில நூறு பவுண்டு நஷ்டம் என்று வாலஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்துவிட்டுப் போனார். காட்டினால் தீரும் என்ற ஆலோசனைக்கு அந்த மேதை கொடுத்த விலை அது.

இனி எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சகோதரிக்கு வருகிறேன். "எட்டாத பழம் புளிக்கும் என்றதாம் நரி. டிக்கெட் எட்டாத இந்த அணியும் தீராது தீராது என்கிறது" என்றார். அரங்கமே சிரித்தது. சகோதரி, அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன்.

எங்களுக்கு எட்டாது என்பது உண்மை. 2022இல் விர்ஜின் கேலக்டிக் நிறுவனம் பொதுமக்களுக்கு அறிவித்த விலை 4,50,000 டாலர். அன்றைய மதிப்பில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல். இந்த அரங்கில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு எட்டும்? கை தூக்குங்கள் என்று கேட்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. நரி குதித்தாவது பார்த்தது. மூன்று கோடிக்கு நீங்களும் நானும் எங்கே போய்க் குதிப்பது? ஆகவே போகப் போகிறவர்கள் பெரும் பணக்காரர்கள், பிரபலங்கள், அவர்கள் கைகாட்டும் சிலர். திரும்பி வந்து நம்மிடம், "பார்த்தேன், உருண்டைதான்" என்பார்கள். நாம் கீழே நின்று அண்ணாந்து கேட்டுக்கொண்டு நம்ப வேண்டும். நேற்றுவரை அரசாங்கத்து விண்வெளி வீரர் சொன்னதை நம்பச் சொன்னீர்கள். இன்று கோடீஸ்வரர் சொல்வதை நம்பச் சொல்கிறீர்கள். சந்தேகப்படுகிறவருக்கு இதில் என்ன மாறியது, சகோதரி? நாசாவை நம்பாதவர் ஜெஃப் பெசோஸை மட்டும் நம்பிவிடுவாரா?

நம்பவில்லை என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 14 அன்று பெசோஸின் புளூ ஆரிஜின் ராக்கெட்டில் பாடகி கேட்டி பெர்ரி உட்பட ஆறு பெண்கள் போய்வந்தார்கள். பதினொரு நிமிடப் பயணம், உலகமே நேரலையில் பார்த்தது. தரையிறங்கிய கலத்தின் கதவு உள்ளிருந்து திறந்த ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு, எல்லாமே நாடகம் என்று இணையத்தில் கிளப்பிவிட்டார்கள். தீர்க்கப் போன பயணம் புதிதாக ஒரு சந்தேகத்தைப் பெற்றுப் போட்டது.

பணமும் இருந்து, மனமும் இருந்து, ஏறியே விட்டார் என்று வையுங்கள். என்ன தெரியும்? பள்ளிக்கூடத்தில் மேசைமேல் இருக்குமே உலக உருண்டை, முப்பது சென்டிமீட்டர் குறுக்களவு உள்ளது, அதில் நூறு கிலோமீட்டர் உயரம் என்பது இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. அங்கிருந்து அடிவானம் ஆயிரத்து நூறு கிலோமீட்டர் சொச்சம். மொத்தப் பூமியில் நூற்றில் ஒரு பங்குகூடக் கண்ணில் படாது. அடிவானம் வளைந்து தெரியும், வானம் கறுத்துத் தெரியும். முழு உருண்டை தெரியாது. தெளிந்த மனம் உள்ளவருக்கு அந்த வளைவே போதும். தட்டைப் பூமிக்காரர், "நானும் வட்டத் தட்டு என்றுதானே சொல்கிறேன், வட்டத்தின் ஓரம் வளையாமல் என்ன செய்யும்?" என்பார். முழு உருண்டையையும் ஒரே பார்வையில் காண அப்போலோ வீரர்களைப் போல நிலவின் பக்கம் போக வேண்டும். விண்ணிலிருந்து எடுத்த பூமியின் படத்தையே பார்த்துவிட்டு, பழக்கமில்லாத கண்ணை ஏமாற்றக்கூடிய படம் என்று சொன்னவர் பிரிட்டனில் தட்டைப் பூமிச் சங்கத்தை நிறுவிய சாமுவேல் ஷென்டன்.

எதிரணி தலைவர் கடைசியில் அண்டார்டிகாவைத் தூக்கிப் போட்டார். 2024 டிசம்பரில் அமெரிக்கப் போதகர் வில் டஃபி, தட்டைப் பூமிக்காரர்கள் சிலரையும் உருண்டை என்பவர்கள் சிலரையும் யூனியன் பனியாற்றுக்கு அழைத்துப் போனார். தென்துருவக் கோடையில் சூரியன் 24 மணி நேரமும் மறையாமல் வானைச் சுற்றி வருவதைக் காட்டினார். பூமி தட்டையானால் அங்கே அப்படி நடக்க முடியாது. ஜெரன் கம்பனெல்லா என்ற பிரபலமான தட்டைப் பூமிக்காரர், நள்ளிரவுச் சூரியன் இல்லை என்று தாம் உறுதியாக நம்பியது தவறு என்று கேமராவுக்கு முன்னால் சொன்னார். "பார்த்தீர்களா, கண்டார், மாறினார்" என்றார் தலைவர்.

தலைவர் பாதியோடு நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். இதைச் சொன்னால் என்னை விலைபோனவன் என்பார்கள் என்று அங்கேயே கம்பனெல்லா சொன்னார். அப்படியே சொன்னார்கள். இத்தனை ஆண்டு அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய கூட்டம்தான் சொன்னது. ஒரு மனிதர் நேர்மையாக வாய் திறந்ததற்கு இழந்தது தம் கூட்டத்தை. வீட்டிலிருந்து பார்த்தவர்களில் பலர் படப்பிடிப்பு அரங்கம் என்றார்கள். போனவருக்குத் தீர்ந்தது, போகாதவருக்குக் கூடியது. உலகத்தையே ராக்கெட்டில் ஏற்ற முடியாதே ஐயா!

அப்படியானால் இந்தச் சந்தேகம் எங்கே பிறக்கிறது? வானத்திலா? எனக்கு ஒரு பள்ளித் தோழன். உழைத்துச் சேர்த்ததைச் சீட்டுப் பணத்தில் போட்டான், நடத்தியவர் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனார். புகார் கொடுக்கப் போன இடத்தில் நாளை வா, நாளை வா என்றே காலம் போனது. படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், கோட்டு போட்டவர்கள் சொன்ன எதையும் அதற்குப் பிறகு அவன் நம்பவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் செல்போனில் காணொளி பார்ப்பான். பூமி தட்டை என்பதும் அதில் வந்தது. அவனைப் பார்த்து ஊர் சிரித்தது. தயவுசெய்து சிரிக்காதீர்கள். அவன் முட்டாள் இல்லை. பத்து முறை ஏமாந்தவன் பதினோராவது முறை உண்மையையும் ஏமாற்று என்றே நினைக்கிறான். சிரிக்கச் சிரிக்க அவன் இன்னும் உள்ளே போனான். அந்தக் காணொளிக்காரர்கள் மட்டும்தான் அவனை மதித்துப் பேசினார்கள் என்றான் என்னிடம். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஏப்ரல் நடுவில் மதுரையில் நிழலில்லா நாள் வரும். நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் விழாது. அரசுப் பள்ளியில் படிக்கும் தன் மகளை மைதானத்தில் விட வண்டியில் வந்த என் தோழன், அப்படியே நின்றுவிட்டான். ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாயைக் குண்டுநூல் பிடித்து நட்டார்கள். அந்தக் குண்டுநூலை மகள் அவன் கையில் கொடுத்து, "அப்பா, ஆட்டாமல் பிடியுங்கள்" என்றாள். பிடித்தான். நிழல் சுருங்கிச் சுருங்கிக் குழாயின் காலடியில் புகுந்துகொண்டது. சென்னையில் அதே நண்பகலில் அதே உயரக் குழாய்க்கு ஐந்தரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நிழல் என்று போன் வந்தது. அந்த நிழலிலிருந்து கோணம் கண்டு, இரண்டு ஊருக்கும் உள்ள தெற்கு வடக்குத் தூரத்தை வைத்துப் பூமியின் சுற்றளவைப் போட்டாள் அந்தப் பிள்ளை. 39,000 கிலோமீட்டர் சொச்சம். அவன் தன் செல்போனை எடுத்து முதலிலிருந்து தானே ஒரு முறை போட்டுப் பார்த்தான்.

உடனே ஒப்புக்கொண்டானா? இல்லை. "பூமி தட்டையாக இருந்து சூரியன் பக்கத்தில் இருந்தாலும் இப்படித்தானே நிழல் விழும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி! இரண்டு ஊரை மட்டும் வைத்து அதற்குப் பதில் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. மகள்தான் சொன்னாள்: "அப்படியென்றால் வடக்கே ரொம்ப தூரத்தில் மூன்றாவது ஊர் ஒன்று வேண்டும் அப்பா. அங்கே நிழல் எவ்வளவு என்று பார்த்தால் தெரிந்துவிடும்." ஆகஸ்டில் நிழலில்லா நாள் மறுபடி வரும். டெல்லியில் வேலை பார்க்கும் மைத்துனனை அன்று மதியம் மொட்டை மாடியில் ஒரு மீட்டர் கம்பு நடச் சொல்லி, என் எதிரிலேயே போன் போட்டான் என் தோழன். எதையும் நம்பாதவன், ஒரு வேலையை இன்னொருவனிடம் நம்பிக் கொடுத்தான் நடுவர் அவர்களே!

தீராது என்று தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.