பால் வடிந்தால் காட்டு லெட்டூஸா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவில்லை. காங்கேயம் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "ஐயா, எங்கள் தோட்டத்தில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்கால் ஓரம் இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி வந்திருக்கிறது. மஞ்சள் பூ. கிள்ளினால் பால் வருகிறது. ஒரு வீடியோவில் இதைக் காட்டு லெட்டூஸ் என்றார்கள். பாலைக் காயவைத்துச் சாப்பிட்டால் அபின் மாதிரி வலியை எடுத்துவிடுமாம். அம்மாவுக்கு மூட்டு வலி. கொடுக்கலாமுங்களா?" கூடவே ஒரு போட்டோவும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, முதலில் அவசரமான பதிலைச் சொல்லிவிடுகிறேன். கொடுக்க வேண்டாம். அம்மாவை மூட்டு வலிக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று. இந்தச் செடி எதற்கு ஆகும் என்பதற்கு முன்னால், இது என்ன செடி?

பால் வருவதை வைத்து ஒரு செடியைச் சொல்லவே முடியாது. எருக்கைப் பற்றிப் பேசியபோதே இதைச் சொன்னேன், நினைவிருக்கும். எருக்கில் பால் வருகிறது. அம்மான் பச்சரிசியில் வருகிறது. கள்ளியில் வருகிறது. ஆலமரத்தில் வருகிறது. நான்கில் மூன்று வெவ்வேறு குடும்பங்கள். என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகும்போது, பால் வருகிற சின்னச் செடி எதைப் பார்த்தாலும் 'பால் பூண்டு' என்பார். குறைந்தது நான்கு செடிகளுக்கு அவரிடம் அந்த ஒரே பெயர்தான். ஆனால் எதை ஆட்டுக்குப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதில் அவருக்குத் தடுமாற்றமே வந்ததில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் கையும் கண்ணும் பிரித்து வைத்திருந்தன. வீடியோ பார்த்து மருந்து தேடுகிறவருக்கு அந்தப் பெயர் மட்டும் கிடைக்கிறது. அந்தக் கண் கிடைப்பதில்லை.

சரி, காட்டு லெட்டூஸ் என்று சொல்கிறார்களே, அது எது? லாக்டூகா என்பது ஒரு பேரினம், அதாவது நெருங்கிய உறவுச் செடிகளின் தொகுதி. லத்தீனில் 'லாக்' என்றால் பால். அதிலிருந்து வந்த பெயர். நீலகிரியில் இங்கிலீஷ் காய்கறி போடுகிறவர்கள் ஓட்டல்களுக்கு அனுப்புகிற லெட்டூஸ் கீரை, லாக்டூகா சட்டைவா. அதன் காட்டு மூதாதை லாக்டூகா செர்ரியோலா, அதாவது முள் லெட்டூஸ். மத்திய தரைக்கடல் நாடுகள், மேற்கு ஆசியா, நம் நாட்டில் காஷ்மீர்ப் பக்கம் எல்லாம் தானாக வளர்கிறது. இரண்டுக்கும் குரோமோசோம் 18. ஒன்றோடு ஒன்று கலந்து விதை பிடிக்கும். கீரை லெட்டூஸில் அடிச்சாம்பல் நோய் வந்து இலை வீணானபோது, நோய் தாங்கும் குணத்தை இந்த முள் செடியோடு கலப்பு செய்துதான் கொண்டுவந்தார்கள். மூன்றாவது லாக்டூகா விரோசா, ஐரோப்பாவின் செடி. அபின் கதைக்குக் காரணம் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இதன் பாலைக் காயவைத்து, லாக்டுகேரியம் என்ற பெயரில் தூக்க மருந்தாக விற்றார்கள். பார்க்க அபின் கட்டி மாதிரி இருந்ததால் லெட்டூஸ் ஓபியம் என்ற பெயரும் வந்தது. அபினில் இருப்பது மார்ஃபின். இந்தப் பாலில் அது கிடையாது. லாக்டுசின், லாக்டுகோபிக்ரின் என்ற கசப்புப் பொருள்கள்தான் இருக்கின்றன.

இப்போது பூவுக்கு வருவோம். ஒவ்வொரு பேச்சிலும் இதைச் சொல்கிறேன் என்று சிலர் எழுதுகிறீர்கள். இன்றும் சொல்வேன். நீங்கள் பூ என்று கிள்ளுவது ஒரு பூ இல்லை. சூரியகாந்திக் குடும்பத்தில் ஒரு பூ என்று நாம் நினைப்பது ஒரு கூட்டம். சூரியகாந்தியில் நடுவில் குழாய்ப் பூக்கள், சுற்றி நாக்கு மாதிரி நீண்ட பூக்கள் என்று இரண்டு வகை இருப்பதைப் பிரித்துக் காட்டினேன் அல்லவா? லெட்டூஸ் கூட்டத்தில் குழாய்ப் பூவே கிடையாது. எல்லாம் நாக்குதான். ஒரு நாக்கை மட்டும் உருவி, கைலென்ஸை வைத்து அதன் நுனியைப் பாருங்கள். ஐந்து குட்டிப் பற்கள் தெரியும். ஐந்து இதழ்கள் ஒட்டிப்போனதன் அடையாளம் அது. கீழே ஒரு குட்டிச் சூலகம், நடுவில் இரண்டாகப் பிளந்து சுருண்ட சூல்முடி. ஒரு முழுப் பூவுக்கு என்ன வேண்டுமோ அவ்வளவும் அந்த ஒரு நாக்கில் இருக்கிறது.

எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். முள் லெட்டூஸில் ஒரு தலைக்கு, அதாவது ஒரு பூக்கூட்டத்துக்கு, பதினைந்து, இருபது நாக்குதான் இருக்கும். காங்கேயம் தம்பியை எண்ணச் சொன்னேன். பாவம், அவர் ஒரு தலையை வெள்ளைத் துணியில் உதிர்த்து வைத்து எண்ணியிருக்கிறார். நூறைத் தாண்டிவிட்டது. அங்கேயே பாதி வழக்கு முடிந்தது.

மீதிப் பாதிக்கு இலையின் முதுகைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். முன்பக்கத்தை எல்லாரும் அனுப்புகிறீர்கள், முதுகை யாரும் அனுப்புவதில்லை. முள் லெட்டூஸ் இலையைத் திருப்பினால் நடு நரம்பின் மேல் ஒரே வரிசையில் விறைப்பான முட்கள் நிற்கும். சீப்பின் பல் மாதிரி. விரலால் நுனியில் இருந்து காம்புப் பக்கம் மெல்ல இழுத்தால் உடனே தெரியும். தம்பி அனுப்பியதில் நடு நரம்பு வழவழவென்று இருக்கிறது. இலை விளிம்பில்தான் பல் பல்லாக, மெத்தென்று. பூத்தலைக்கு அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணமும் வேறு. லெட்டூஸில் அது ஒல்லியாக, பென்சில் மூடி மாதிரி இருக்கும். இதில் அடி உப்பிப் பானை வயிறு போல இருக்கிறது. தண்டை அமுக்கினால் உள்ளே வெறும் கூடாக, குழாய் மாதிரி இருக்கிறது என்றும் சொன்னார். ஆக, தம்பி, உங்கள் வாய்க்கால் ஓரத்தில் நிற்பது லாக்டூகா இல்லை. சோங்கஸ் ஒலரேசியஸ். அதே குடும்பம், அதே பால், ஆனால் வேறு பேரினம். உலகம் முழுக்க ஈரமான வரப்போரங்களில் வரும் களை.

நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னும் ஒன்று செய்யலாம். நான்கைந்து நாள் விட்டுவிடுங்கள், வெள்ளைப் பஞ்சாக முற்றும். ஒரு விதையை எடுங்கள். நாம் விதை என்று சொன்னாலும் அது முழுக் கனி. லெட்டூஸில் அந்தக் கனியின் தலையில் நூல் மாதிரி ஒரு மூக்கு நீளும், அந்த மூக்கின் நுனியில்தான் பஞ்சுக்குடை விரியும். குடையும் காம்பும் போல. சோங்கஸில் மூக்கே கிடையாது. பஞ்சு நேராகக் கனியின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். ஊதினால் இரண்டும் பறக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற ஊரில் நமக்கு அதைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம், நான் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கிற விஷயம். இதை யாராவது கேட்பார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. முள் லெட்டூஸுக்கு இன்னொரு பெயர் திசைகாட்டிச் செடி.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி மாதம் ஸ்ரீநகர் போயிருந்தோம். கூட வந்தவர்கள் எல்லாரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் சாலையோரம் ஒரு கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். தோள் உயரத்துக்கு முள் லெட்டூஸ். அதுவரை புத்தகத்தில் மட்டும் பார்த்த செடி. இலை எதுவும் வழக்கமான செடி மாதிரி படுக்கையாக இல்லை. எல்லாம் விளிம்பு மேலே பார்க்க, தாளைச் செங்குத்தாக நிறுத்திய மாதிரி நிற்கின்றன. கிழக்கே நின்று பார்த்தால் இலைகள் அகலமாக விரிந்து தெரிகின்றன. தெற்கே போய் நின்று பார்த்தால் செடியே மெலிந்துவிட்டது, வெறும் விளிம்புகள்தான். செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துப் பார்த்தேன். நுனிகள் பெரும்பாலும் வடக்கும் தெற்கும். நாலடி தள்ளி, சினார் மரத்தின் நிழலுக்குள் அதே செடி நின்றது. அதன் இலைகள் சாதாரணமாகப் படுத்துக் கிடந்தன. திசையும் இல்லை, ஒன்றும் இல்லை. வெயில் பட்டால்தான் இலை தன் அடியில் முறுக்கிக்கொள்ளும்.

எதற்காக? காலை வெயில் கிழக்கில் இருந்து வரும்போது இலையின் ஒரு முகம் முழுதாக வாங்குகிறது. சாயங்கால வெயிலை மறுமுகம் வாங்குகிறது. உச்சிவெயிலில் சூரியனுக்கு விளிம்பு மட்டும்தான் கிடைக்கிறது. காற்று குளுமையாக இருக்கும் இரண்டு வேளையிலும் சமையல், கொதிக்கிற வேளையில் அடுப்பை அணைத்துவிடுகிறது. தண்ணீர் மிச்சம். இலையின் இரண்டு பக்கமும் இலைத்துளைகள் வைத்திருக்கிற செடிக்கு இது சரியான ஏற்பாடு.

நம் ஊர் கிட்டத்தட்ட 11 பாகை வட அட்சம். சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாளும் ஆவணி முதல் வாரம் ஒட்டி ஒரு நாளும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். நிழல் இல்லாத நாள் என்று கம்பு நட்டுப் பார்த்தோமே, அதே நாள். அந்த நேரத்தில் செங்குத்தாக நிற்கும் ஓர் இலையின் நிழல் எவ்வளவு இருக்கும்? ஒரு கோடு. இதைப் பார்க்க ஸ்ரீநகர் போக வேண்டியதில்லை. ஊட்டி போகிற வழியில் தைல மரத்துக்கு அடியில் மத்தியானம் நில்லுங்கள். அவ்வளவு பெரிய மரம், நிழல் மட்டும் ஓட்டை ஓட்டையாக இருக்கும். இலைகள் செங்குத்தாகத் தொங்குவதுதான் காரணம். புளிய மரத்தடியில் கட்டில் போடுவோம், தைல மரத்தடியில் யாரும் போட மாட்டோம். காரணம் கேட்டால், இலை நிற்கிற கோணம் என்று இனிமேல் சொல்லுங்கள்.

சரி, கொடுக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் சொல்கிறேன் என்றேன். வேறு நாடுகளில் காட்டு லெட்டூஸை நிறையத் தின்று மயக்கம், குழப்பம், கண் பாவை விரிதல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது. வயதானவர் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ஆபத்து கூடும். இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. பார்த்தீனியம். கரூர் ரோடு ஆனாலும் தாராபுரம் ரோடு ஆனாலும் இரண்டு பக்கமும் அதுதான். அதுவும் இதே சூரியகாந்திக் குடும்பம். அது பட்டுத் தோல் தடித்து அரிக்கிறவர்களில் சிலருக்கு லெட்டூஸ் பட்டாலும் அரிக்கும், ஏனென்றால் ஒவ்வாமை தருகிற கசப்புப் பொருள்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை. வீட்டில் யாருக்காவது பார்த்தீனியம் ஆகாது என்றால், இந்தக் குடும்பத்துப் பால் எதையும் வாயில் வைக்காதீர்கள், தோலில் தடவாதீர்கள்.

செடியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கோவையில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம். 1955 முதல் இயங்குகிறது. பழைய சென்னை மாகாணம் முழுக்கச் சேகரித்து அழுத்தி உலர்த்திய செடிகள் அங்கே தாள் தாளாக இருக்கின்றன. நீங்களும் செய்தித்தாளுக்கு நடுவில் செடியை வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, தாளைத் தினமும் மாற்றிக்கொண்டே ஒரு வாரம் வைத்தால் நல்ல மாதிரி கிடைக்கும். எங்கே எடுத்தது, எந்தத் தேதி, பூவின் நிறம் என்ன என்று அதே தாளில் எழுதி வையுங்கள். உலர்ந்தால் மஞ்சள் வெளுத்துவிடும்.

காங்கேயம் தம்பி, அந்தச் செடியைப் பிடுங்க வேண்டாம். பஞ்சு வரட்டும். வந்ததும் காற்றுக்கு முந்திக்கொண்டு நான்கு கனிகளை எடுத்து, ஒரு கறுப்புத் துணியில் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசையும் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மூக்கு இல்லாததை அடுத்த வாரம் எல்லாருக்கும் பெரிதாக்கிக் காட்டுகிறேன்.